கால்சிடோனின்: குறைந்தால் உடல் தேடாத, மிகுந்தால் மருத்துவர்கள் கவனிக்கும் தைராய்டு ஹார்மோன்

தைராய்டு என்றதும் இந்தியக் குடும்பங்களில் காதில் விழும் பெயர்கள் பெரும்பாலும் மூன்றுதான்: டி3, டி4, டி.எஸ்.எச். முதல் இரண்டும் கழுத்தின் முன்பகுதியிலுள்ள அந்தச் சுரப்பியே சுரப்பவை. மூன்றாவது, மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதற்கு அனுப்பும் கட்டளை. வழக்கமான பரிசோதனைச் சீட்டில் இடம்பெறாத இன்னொரு ஹார்மோனும் தைராய்டு சுரப்பியிலேயே உருவாகிறது. அதன் பெயர் கால்சிடோனின். ரத்தத்திலுள்ள கால்சியத்தின் அளவைக் குறைப்பது அதன் பணி என்று பாடநூல்கள் கூறுகின்றன.

ஆனால் அந்த வரையறையோடு இந்த ஹார்மோனின் கதை முடிந்துவிடுவதில்லை. அறுவைச் சிகிச்சையில் தைராய்டு முழுவதையும் இழந்தவர்களின் உடலில் கால்சிடோனின் ஏறத்தாழ இல்லாமற்போகிறது. அதனால் அவர்களுடைய ரத்தக் கால்சியம் உயர்வதில்லை. ஒரு குறிப்பிட்ட தைராய்டு புற்றுநோயில் அது இயல்பைவிட ஆயிரம் மடங்குக்கு மேலும் பெருகுவதுண்டு. அப்போதும் ரத்தக் கால்சியம் பெரும்பாலும் தாழ்வதில்லை. அன்றாட வாழ்வில் இவ்வளவு அடையாளமின்றி இருக்கும் இந்த ஹார்மோனை அளக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை, சில குடும்பங்களுக்கு உயிர் காக்கும் முன்னறிவிப்பாக அமைகிறது.

எலும்பு என்னும் கால்சியக் களஞ்சியம்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கால்சியம் இருக்கிறது. கிராமப்புறங்களில் சுண்ணாம்புச் சத்து என்று குறிப்பிடப்படுவது இதுவே. இதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் உறைந்திருக்கிறது. எஞ்சிய சிறு பகுதிதான் ரத்தத்திலும் திசுக்களிலும் உலவுகிறது. இதயம் துடிப்பதும், தசை சுருங்குவதும், நரம்பு செய்தி கடத்துவதும், காயத்தில் ரத்தம் உறைவதும் அந்தச் சிறு பகுதியை நம்பியே நடக்கின்றன. எனவே ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் உடல் இந்த அளவைக் கட்டிக்காக்கிறது. அளவு தாழ்ந்தால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு தோன்றும். தசைகள் இழுத்துப் பிடிக்கும். முற்றினால் வலிப்பும் வரும். அளவு மிகுந்தால் மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் கழிதல், குமட்டல், மனக்குழப்பம் என்று வேறு வகையான தொல்லைகள்.

இந்தக் காவற்பணியில் முதன்மையானது தைராய்டு அன்று. அதன் பின்புறம் ஒட்டியிருக்கும், பயறு அளவேயான நான்கு பாராதைராய்டு சுரப்பிகளே இப்பணியை முன்னின்று நடத்துகின்றன. ரத்தக் கால்சியம் சற்றுத் தாழ்ந்தாலும் பாராதைராய்டு ஹார்மோன் வெளிப்பட்டு, எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது. சிறுநீரில் வீணாவதைத் தடுக்கிறது. வைட்டமின் டி செயலூக்கம் பெற உதவி, குடல் வழியாகக் கூடுதல் கால்சியம் உறிஞ்சப்படச் செய்கிறது.

கால்சிடோனின் இதற்கு எதிர்த்திசையில் இயங்குவது. எலும்பு ஒருமுறை உருவானபின் அப்படியே நிற்கும் கட்டடம் போன்றதன்று. பழைய பகுதியைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்களும், புதிய பகுதியைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. கரைக்கும் செல்கள் எலும்பின் மேல் படிந்து, மடிப்பு மடிப்பான விளிம்பின் வழியாக அமிலத்தைச் சுரக்கின்றன. கால்சிடோனின் அந்தச் செல்களின் மேலுள்ள ஏற்பியில் இணைந்ததும், சில நிமிடங்களிலேயே அந்த மடிப்புகள் சுருங்கிச் செல் செயலிழக்கிறது. எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறுவது குறைகிறது. சிறுநீரகத்தின் வழியாகக் கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியேறுவதையும் இந்த ஹார்மோன் ஓரளவு கூட்டுகிறது.

தைராய்டில் இதை உருவாக்குபவை, டி3, டி4 ஆகியவற்றை உருவாக்கும் செல்கள் அல்ல. அவற்றுக்கிடையே சிதறிக் கிடக்கும், எண்ணிக்கையில் மிகச் சொற்பமான ‘சி-செல்கள்’ என்பவை இதற்கென உள்ளன. இவை அயோடினை எடுத்துக்கொள்வதில்லை. அயோடின் கலந்த உப்புக்கும் கால்சிடோனினுக்கும் தொடர்பில்லாததற்குக் காரணம் இதுவே. இந்தச் செல்களில் தோன்றும் புற்றுநோய்க்கு, பிற தைராய்டு புற்றுநோய்களில் கைகொடுக்கும் கதிரியக்க அயோடின் சிகிச்சை பயன்படாமற்போவதற்கும் இதுவே காரணம்.

நாய், எலி, ஆடு வழியே வந்த விடை

1950களின் இறுதிவரை, ரத்தக் கால்சியத்தைப் பாராதைராய்டு ஹார்மோன் ஒன்றே ஆளுகிறது என்று கருதப்பட்டது. அது சுரந்தால் கால்சியம் உயரும், நின்றால் தாழும், இவ்வளவே கணக்கு. கனடாவின் வான்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக உடலியங்கியல் பேராசிரியர் ஹெரால்டு காப் இந்தக் கணக்கில் ஓர் இடைவெளியைக் கண்டார். நாய்களின் தைராய்டு, பாராதைராய்டு பகுதிக்குள் கால்சியம் மிகுந்த ரத்தத்தைச் செலுத்தியபோது, உடல் முழுவதிலும் ரத்தக் கால்சியம் விரைந்து தாழ்ந்தது. சுரப்பிகளை அகற்றும்போது ஏற்படும் வீழ்ச்சியைவிட இது வேகமானது. அப்படியானால் ஒரு ஹார்மோன் நின்றதால் மட்டும் இது நேரவில்லை. கால்சியத்தைக் குறைக்கும் வேறொரு பொருள் வெளிப்பட்டிருக்க வேண்டும். 1961இல் அவர் இதை அறிவித்தார். ரத்தக் கால்சியத்தின் ‘டோன்’, அதாவது சீரான நிலை, இதனால் காக்கப்படுகிறது என்று கருதியதால் கால்சிடோனின் என்ற பெயரையும் சூட்டினார்.

இந்தப் பொருள் பாராதைராய்டிலிருந்து வருகிறது என்று காப் எண்ணியது மட்டும் பொருந்தவில்லை. அமெரிக்காவில் பிலிப் ஹிர்ஷ், பால் மன்சன் ஆகியோரடங்கிய குழு, எலிகளின் பாராதைராய்டைச் சூட்டுக்கம்பியால் தீய்க்கும்போது கால்சியம் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தாழ்வதைக் கவனித்தது. சூடு அருகிலிருந்த தைராய்டையும் தாக்கியதால் அங்கிருந்து ஏதோ கசிகிறது என்று உய்த்துணர்ந்து, 1963இல் அதற்குத் தைரோகால்சிடோனின் எனப் பெயரிட்டது. அடுத்த ஆண்டு லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இயன் மக்கின்டயர் குழுவினர் ஆடுகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். ஆட்டின் பாராதைராய்டுகளில் ஒன்று தைராய்டிலிருந்து தள்ளி அமைந்திருப்பதால், இரண்டிற்கும் தனித்தனியே ரத்தம் செலுத்திப் பார்க்க முடியும் என்பதே காரணம். தைராய்டுக்குச் செலுத்தியபோது மட்டும் கால்சியம் தாழ்ந்தது. காப் கண்டதும் மன்சன் குழுவினர் கண்டதும் ஒரே ஹார்மோன் என்பது தெளிவாயிற்று. அதைச் சுரக்கும் செல்களுக்குச் சி-செல்கள் என்ற பெயரை அதே மருத்துவமனையின் எவர்சன் பியர்ஸ் 1966இல் வழங்கினார்.

1968க்குள் பன்றி, மனிதன் ஆகிய இரண்டின் கால்சிடோனினும் 32 அமினோ அமிலங்களாலான சிறு சங்கிலி என்பது கண்டறியப்பட்டது. பத்தாண்டுக்கும் குறைவான காலத்தில் ஒரு ஹார்மோன் கண்டறியப்பட்டு, இருப்பிடம் உறுதியாகி, கட்டமைப்பும் வெளிப்பட்டது அக்கால அளவில் மிக வேகமான பயணம்.

இல்லாதபோதும் குறை தெரியாத ஹார்மோன்

இவ்வளவு ஆர்வத்துடன் வரவேற்கப்பட்ட ஹார்மோன் மனித உடலில் உண்மையில் எவ்வளவு தேவைப்படுகிறது என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. இந்தியாவில் தைராய்டு கட்டிக்காகவோ புற்றுநோய்க்காகவோ சுரப்பியை முழுமையாக அகற்றிக்கொண்டவர்கள் ஏராளம். அவர்கள் வாழ்நாள் முழுவதும் தைராக்சின் மாத்திரை உட்கொள்கிறார்கள். ஆனால் கால்சிடோனினுக்கு ஈடாக எந்த மருந்தும் அவர்களுக்குத் தரப்படுவதில்லை. தரப்படாததால் எலும்பு நலிந்ததாகவும் காணப்படவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் பலருக்குக் கை விரல்கள் மரத்துப்போவதும், கால்சியம் மாத்திரை எழுதித் தரப்படுவதும் உண்டு. கால்சிடோனினை இழந்ததன் விளைவாக இதைக் கருதக் கூடாது. அந்த ஹார்மோன் போனால் கோட்பாட்டளவில் கால்சியம் உயர வேண்டுமே தவிரத் தாழக் கூடாது. அறுவையின்போது அருகிலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் அதிர்ச்சிக்குள்ளாவதோ, அவற்றின் ரத்த ஓட்டம் தடைப்படுவதோதான் உண்மைக் காரணம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது சீராகிவிடுகிறது.

எலிகளில் நடந்த ஆய்வுகள் புதிரை மேலும் கூட்டின. கால்சிடோனினை உருவாக்கும் மரபணு நீக்கப்பட்ட எலிகளின் எலும்பு நலிந்திருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 2002இல் வெளியான ஆய்வில் அவற்றின் எலும்பு அடர்த்தி கூடுதலாகவே இருந்தது. ஆனால் அத்தகைய எலிகள் குட்டி ஈன்று பாலூட்டும் காலத்தில், முதுகெலும்பிலிருந்து இயல்பைவிட மிகுதியான கால்சியத்தை இழந்தன. குழந்தைக்குப் பாலின் வழியே கால்சியம் வெளியேறும் நாட்களில் தாயின் எலும்புக்கூட்டைக் காப்பதே இந்த ஹார்மோனின் மெய்யான பணியாக இருக்கலாம் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. மனிதரில் கருவுற்ற காலத்திலும் கால்சிடோனின் அளவு உயர்கிறது. எனினும் தைராய்டு இல்லாத தாய்மார்களும் குழந்தைக்குப் பாலூட்டி நலமாகவே இருக்கின்றனர்; மார்பகமும் நஞ்சுக்கொடியும் சிறிதளவு கால்சிடோனினைத் தாமே உருவாக்குவது இதற்கு ஒரு விளக்கமாக முன்வைக்கப்படுகிறது.

மீனின் உடலிலோ நிலை வேறு. மீன்களுக்கும் பறவைகளுக்கும் சி-செல்கள் தைராய்டுக்குள் இல்லை. அல்டிமோபிராங்கியல் என்ற தனிச் சுரப்பியாகவே அமைந்துள்ளன. பாலூட்டிகளின் கருவளர்ச்சியில் அந்தச் சுரப்பி தைராய்டுடன் கலந்துவிடுகிறது. இதை அறிந்த காப், பிரிட்டிஷ் கொலம்பியக் கடற்கரையின் மீன் பதனிடும் ஆலைகளிலிருந்து சால்மன் மீன்களின் சுரப்பிகளைத் திரட்டினார். அதிலிருந்து பிரித்தெடுத்த கால்சிடோனின், 32 அமினோ அமிலங்களில் பாதியளவில் மனிதரின் கால்சிடோனினிலிருந்து வேறுபட்டது. ஆனால் மனித உடலில் மனிதக் கால்சிடோனினைவிடப் பன்மடங்கு வலிமையுடன் அது வேலை செய்தது.

மருந்தாக எழுச்சியும் வீழ்ச்சியும்

இயற்கையில் தேவை குறைவானாலும், மருந்தாகச் செலுத்தினால் கால்சிடோனின் பயன் தருகிறது. சால்மன் கால்சிடோனின் ஊசிக்கு, எலும்பு தாறுமாறாக வளரும் பேஜெட் நோய்க்கென 1975இல் அமெரிக்கா ஒப்புதல் வழங்கியது. அந்த நோய் இந்தியாவில் அரிது. மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புப்புரைக்காக 1984இல் ஊசியும், 1995இல் மூக்கில் தெளிக்கும் வடிவமும் ஒப்புதல் பெற்றன. ஊசிக்கு அஞ்சிய முதியோரிடையே மூக்குத் தெளிப்பு விரைந்து பரவியது.

அதன் ஆற்றல் குறித்த பெரிய ஆய்வு 2000இல் வெளியாயிற்று. 1,255 பெண்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், நாளொன்றுக்கு 200 அலகு எடுத்தவர்களுக்கு முதுகெலும்பு முறிவு 33 விழுக்காடு குறைந்தது. ஆனால் 100 அலகிலும் 400 அலகிலும் அந்தப் பயன் தெளிவாகத் தென்படவில்லை. கூடுதல் அளவு கொடுத்தால் பயனும் கூட வேண்டும் அல்லது குறைந்தது நிலைக்க வேண்டும் என்பது மருந்தியலின் எளிய எதிர்பார்ப்பு. அது நிறைவேறாததும், பங்கேற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இடையிலேயே விலகியதும் முடிவின் மீது நிழல் படியச் செய்தன. இடுப்பெலும்பு முறிவைத் தடுத்ததாகவும் நிறுவப்படவில்லை.

2012இல் ஐரோப்பிய மருந்து முகமை, நெடுநாள் பயன்படுத்தியவர்களிடம் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாக அறிவித்தது. போலி மருந்து எடுத்தவர்களோடு ஒப்பிடுகையில், வாய்வழி மருந்தில் 0.7 விழுக்காடும் மூக்குத் தெளிப்பில் 2.4 விழுக்காடும் கூடுதல் என்று கணக்கிடப்பட்டது. எலும்புப்புரைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றும், பிற நோய்களுக்கும் குறுகிய காலத்திற்கே தர வேண்டும் என்றும் முகமை பரிந்துரைத்தது. கால்சிடோனின்தான் புற்றுநோயை உண்டாக்குகிறதா என்பது இன்றும் நிறுவப்படாத ஒன்று. ஆயினும் அதைவிட ஆற்றல்மிக்க மருந்துகள் கைவசம் வந்துவிட்ட நிலையில், சிறு ஐயமும் தராசைச் சாய்க்கப் போதுமானதாயிற்று.

இன்று அதற்கு எஞ்சியிருக்கும் முக்கிய இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. புற்றுநோய் போன்றவற்றால் ரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு உயரும்போது, நரம்பின் வழியே திரவமும், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகளும் தரப்படுகின்றன. அந்த மருந்துகள் முழுமையாகச் செயல்பட இரண்டு மூன்று நாட்களாகும். கால்சிடோனின் ஊசியோ சில மணி நேரத்திலேயே அளவைக் குறைக்கத் தொடங்குகிறது. ஆனால் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் உடல் அதற்குப் பழகிவிடுவதால் விளைவு மங்கிப்போகிறது. முதல் இரு நாட்களைக் கடத்தும் பாலம் என்ற அளவில்தான் அதன் பயன். முதுகெலும்பு முறிந்த முதியோரின் கடும் வலியைத் தணிக்கவும் சில வாரங்களுக்கு அது தரப்படுவதுண்டு.

ஒரே மரபணு, மூன்று பெயர்கள்

மருத்துவமனைக் கட்டணச் சீட்டில் ‘புரோகால்சிடோனின்’ என்ற வரியைப் பார்த்து, நோயாளிக்குத் தைராய்டிலும் கோளாறா என்று உறவினர்கள் கலங்குவதுண்டு. கொரோனா அலைகளின்போது இந்தியாவின் பல குடும்பங்களுக்கு இந்தப் பெயர் அறிமுகமானது. இது கால்சிடோனினின் முன்வடிவமான, 116 அமினோ அமிலங்களைக் கொண்ட புரதம். நலமாக இருப்பவரின் ரத்தத்தில் மிக மிகக் குறைவாகவே இருக்கும். கடும் பாக்டீரியத் தொற்று ஏற்படும்போது தைராய்டு மட்டுமின்றி, உடலின் பல திசுக்கள் இதைச் சுரக்கத் தொடங்குகின்றன. அளவு ஆயிரம் மடங்குக்கு மேலும் உயரக்கூடும். 1993இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை வெளியிட்டபோது, தைராய்டு அகற்றப்பட்ட நோயாளியிடமும் தொற்றின்போது அது உயர்ந்ததைச் சுட்டிக்காட்டினர். வைரஸ் தொற்றில் இந்த உயர்வு பொதுவாகக் குறைவு. எனவே ஆன்டிபயாடிக் தேவையா, எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்ய மருத்துவர்கள் இதைத் துணையாகக் கொள்கின்றனர். கால்சிடோனின் பரிசோதனையும் இதுவும் வெவ்வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைக் கேட்டுவிடக் கூடாது.

அதே மரபணு நரம்புச் செல்களில் வேறு விதமாக வெட்டி ஒட்டப்பட்டு, சி.ஜி.ஆர்.பி. என்ற முற்றிலும் வேறான பொருளைத் தருகிறது. 1980களின் தொடக்கத்தில் தெரியவந்த இந்த விந்தை, ஒரு மரபணு ஒரு புரதம் என்ற பழைய எண்ணத்தைத் தளர்த்திய சான்றுகளுள் ஒன்று. சி.ஜி.ஆர்.பி. ரத்தக் குழாய்களை விரிக்கிறது; ஒற்றைத் தலைவலியில் பங்கு வகிக்கிறது. அதைத் தடுக்கும் புதிய வகை மருந்துகளில் முதலாவதான எரெனுமாப் 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

புற்றுநோய் விட்டுச்செல்லும் தடயம்

கால்சிடோனின் மெய்யாகவே இன்றியமையாததாகும் இடம் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய். சி-செல்களில் தோன்றும் இந்த நோயை, 1959இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவர்கள் தனி வகையாகப் பிரித்தறிந்தனர். தைராய்டு புற்றுநோய்களில் இது ஏறத்தாழ 5 விழுக்காடு அல்லது அதனினும் குறைவு. மிகப் பரவலான பாப்பில்லரி வகை மெதுவாக வளர்ந்து பெரும்பாலும் குணமாவது. மெடுல்லரி வகை கழுத்தின் நிணநீர் முடிச்சுகளுக்கு முன்னதாகவே பரவிவிடும் இயல்புடையது. மனிதக் கால்சிடோனினின் அமினோ அமில வரிசை முதன்முதலில் அறியப்பட்டதே இத்தகைய கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோனைக் கொண்டுதான்.

நோய் பெரும்பாலும் கழுத்தில் வலியற்ற கட்டியாகத் தொடங்குகிறது. முற்றிய நிலையில் சிலருக்குக் காரணம் விளங்காத வயிற்றுப்போக்கும் முகம் சிவத்தலும் நெடுநாள் நீடிக்கும். குடல் நோய் என்று எண்ணிப் பல மாதங்கள் அதற்கே சிகிச்சை நடப்பதும் உண்டு. ஊசி மூலம் கட்டியிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் இந்த வகையைக் கணிசமானோரிடம் தவறவிடுகிறது. ரத்தக் கால்சிடோனின் அந்தக் குறையை ஈடுசெய்கிறது. பொதுவாக ஆண்களுக்கு ஒரு மில்லிலிட்டரில் 10 பிகோகிராமுக்கும், பெண்களுக்கு அதில் பாதிக்கும் உட்பட்ட அளவு இயல்பாகக் கொள்ளப்படுகிறது. 100ஐத் தாண்டினால் இந்தப் புற்றுநோய்க்கான ஐயம் மிக வலுவானது.

இரண்டிற்கும் இடைப்பட்ட எண்கள்தாம் மருத்துவர்களையும் நோயாளிகளையும் அலைக்கழிப்பவை. சிறுநீரகச் செயலிழப்பு, புகைப்பழக்கம், அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் ஆகியவையும் கால்சிடோனினைச் சற்று உயர்த்தும். பச்சிளங்குழந்தைகளுக்கு இயல்பான அளவே பெரியோரைவிடக் கூடுதல். ரத்த மாதிரி அறை வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் ஹார்மோன் சிதைந்து, எண் பொய்யாகத் தாழும். சிறு நகரில் எடுத்த மாதிரி தொலைதூர ஆய்வகத்திற்குப் பேருந்தில் பயணப்படும் நம் சூழலில், குளிர்நிலை காக்கப்பட்டதா என்று கேட்பது மிகையான எச்சரிக்கை ஆகாது.

தைராய்டு கட்டி உள்ள அனைவருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்யலாமா என்பதில் நாடுகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் ஆதரிக்கின்றனர். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஆதரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கட்டிகள் மிகப் பரவலானவை, இந்தப் புற்றுநோயோ அரிது. எல்லோரையும் சோதித்தால் தேவையற்ற அச்சமும் அறுவையும் கூடும் என்பது தயக்கத்தின் காரணம். உடல் நலமாக உள்ள ஒருவர், முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் தாமாகவே இதைச் சேர்த்துக்கொள்வதால் பயன் எதுவுமில்லை.

அறுவைக்குப் பின் கால்சிடோனின் அளவே வழிகாட்டி. அது கண்டறிய முடியாத அளவுக்குத் தாழ்ந்தால் நோய் முற்றிலும் அகன்றதற்கான நல்ல அறிகுறி. மீண்டும் உயரத் தொடங்கினால், அது இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளும் காலம் கணக்கிடப்படுகிறது. ஆறு மாதத்திற்குள் இரட்டிப்பாவது கவலைக்குரியது. இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்தால் நோய் மெதுவாக நகர்வதாகப் பொருள். ஸ்கேனில் எதுவும் புலப்படாத நிலையில், எண்ணை மட்டும் பார்த்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது நோயாளிக்கு எளிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குழந்தைகளின் கழுத்துக்குள் இருக்கும் செய்தி

மெடுல்லரி புற்றுநோயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பரம்பரை வழி வருவது. 10ஆவது குரோமோசோமிலுள்ள ரெட் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் இதற்குக் காரணம் என்பது 1993இல் வெளிப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. மென்-2 எனப்படும் இந்த நோய்த்தொகுதியில், அட்ரினல் சுரப்பிக் கட்டியும் பாராதைராய்டு மிகைச் சுரப்பும் சேர்ந்து வரக்கூடும். அட்ரினல் கட்டி இருப்பதை அறியாமல் மயக்க மருந்து கொடுத்துக் கழுத்தில் அறுவை செய்தால், ரத்த அழுத்தம் கட்டுமீறி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே அதற்கான பரிசோதனை முதலில் செய்யப்படுகிறது.

1993க்கு முன்பு இத்தகைய குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் பென்டாகாஸ்ட்ரின் ஊசி போட்டு, கால்சிடோனின் எகிறுகிறதா என்று பார்த்தனர். சில நிமிடங்களுக்கு மார்பை இறுக்கி, முகத்தைச் சிவக்கச் செய்யும் அந்தச் சோதனை, நோய்க்கூறு இல்லாத குழந்தைகளுக்கும் ஆண்டாண்டாகத் தொடர்ந்தது. இன்று ஒரே ஒரு ரத்த மாதிரியில் மரபணுவைப் பார்த்துவிடலாம். மாற்றம் இல்லாத குழந்தை அதன்பின் எந்தச் சோதனைக்கும் வரத் தேவையில்லை. மாற்றம் இருந்தால், நோய் தோன்றுமுன்பே தைராய்டு அகற்றப்படுகிறது. மரபணுவில் மாற்றம் நேர்ந்த இடத்தைப் பொறுத்து இதற்கான வயது முடிவாகிறது: 918ஆவது இடமானால் முதல் ஆண்டுக்குள், 634ஆவது இடமானால் ஐந்து வயதிலோ அதற்கு முன்போ, தீவிரம் குறைந்த மாற்றங்களில் கால்சிடோனின் அளவைக் கண்காணித்தபடி இன்னும் பின்னர். நோய் சுரப்பிக்குள் அடங்கியிருக்கும்போது அகற்றினால், பத்தாண்டுக்குப் பின்னும் உயிர்வாழ்வோர் 95 விழுக்காடு அளவில் உள்ளனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் அது 40 விழுக்காடாகச் சரிகிறது.

918ஆவது இட மாற்றத்தால் வரும் வகையில், குழந்தை கண்ணீர் வராமல் அழுவதும், தீராத மலச்சிக்கலும், நாக்கிலும் உதட்டிலும் சிறு முடிச்சுகளும் முன்னறிகுறிகளாக அமையக்கூடும். இந்த வகை பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடமே புதிதாகத் தோன்றுவது. குடும்ப வரலாறு கைகொடுக்காத இடத்தில் குழந்தை மருத்துவரின் கண்தான் துணை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மையங்கள் இந்தியக் குடும்பங்களில் ரெட் மரபணுப் பரிசோதனையை மேற்கொண்டு வருகின்றன. தடை பெரும்பாலும் ஆய்வகத்திற்கு வெளியே இருக்கிறது. பரம்பரை நோய் என்ற சொல் வெளியே கசிந்தால் பிள்ளைகளின் திருமணப் பேச்சு கெடும் என்ற அச்சத்தில், நோயாளி தம் உடன்பிறந்தாரிடம்கூடச் செய்தியைச் சொல்லத் தயங்குவது நம் நாட்டில் புதிதன்று. சொல்லப்படாத அந்தச் செய்தி, அண்ணன் வீட்டிலோ சித்தி வீட்டிலோ வளரும் ஒரு குழந்தைக்கு உரியது. மெடுல்லரி வகை உறுதியான ஒவ்வொருவருக்கும், குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் இல்லையென்றாலும், ரெட் பரிசோதனை செய்யப்பட வேண்டும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட நடைமுறை. பரவிய நோய்க்கும் இப்போது வழி பிறந்துள்ளது: மாற்றமடைந்த ரெட் புரதத்தை நேரடியாகத் தடுக்கும் செல்பெர்காடினிப் என்ற மாத்திரை 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

எடை குறைப்பு ஊசிகளும் ஓர் எச்சரிக்கையும்

2025இல் டிர்செபடைட் ஊசியான மவுஞ்சாரோ மார்ச் மாதத்திலும், செமாகுளுடைட் ஊசியான வெகோவி ஜூன் மாதத்திலும் இந்தியச் சந்தைக்கு வந்தபின், சி-செல்கள் மீண்டும் பேச்சுக்கு வந்துள்ளன. எலிகளுக்கு இவ்வகை மருந்துகளைக் கொடுத்தபோது சி-செல்களில் கட்டிகள் தோன்றின. எனவே மெடுல்லரி புற்றுநோய் உள்ளவர்களும், குடும்பத்தில் அந்நோய் கொண்டவர்களும், மென்-2 நோய்த்தொகுதி உடையவர்களும் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை இடம்பெற்றுள்ளது. எலியின் சி-செல்களில் இந்த மருந்து பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மிகுதி. மனிதரில் மிகக் குறைவு. ஐரோப்பிய முகமையின் பாதுகாப்புக் குழு 2023இல் சான்றுகளை ஆராய்ந்து, தைராய்டு புற்றுநோய்க்கும் இம்மருந்துகளுக்கும் காரணத் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று கூறியது. எச்சரிக்கை மட்டும் நீக்கப்படவில்லை.

ஊசி எடுக்கும் எல்லோரும் கால்சிடோனின் பார்க்க வேண்டும் என்று யாரும் பரிந்துரைக்கவில்லை. முதல் ஊசிக்கு முன் கேட்கப்பட வேண்டியது குடும்ப வரலாறு. வீட்டில் யாருக்கேனும் தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்ற கேள்விக்கு ஆம் என்ற விடை மட்டும் போதாது. பாப்பில்லரி வகையானால் இந்தத் தடை பொருந்தாது, மெடுல்லரி வகையானால் பொருந்தும். எந்த வகை என்பது, அந்த உறவினரின் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தரப்பட்ட திசுப் பரிசோதனை அறிக்கையில் எழுதப்பட்டிருக்கும்.